பக்க ஓரத்தில் எழுதியவை

என் மகள் பரீட்சை ஹாலில் பிடிபட்ட விஷயத்தை எனக்கு முதலில் சொன்னது அவளோடு படித்த முத்துச்செல்விதான். போன செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதிலிருந்து இன்றைக்குச் சனிக்கிழமை வரைக்கும் தொண்டைக்குள் சோறு இறங்கமாட்டேன் என்கிறது, டீச்சர்.

டீச்சர்தானே நீங்கள்? மடியில் விடைத்தாள் கட்டு இருக்கிறது. பஸ் கயத்தாறு தாண்டினதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். ஒரு பிள்ளைக்கு அரை மார்க் போட்டீர்கள், அப்புறம் அடித்தீர்கள், ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் அந்த அரை மார்க்கையே போட்டீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் இவர்களிடம் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் பாட்டுக்குத் திருத்துங்கள். காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டால் போதும்.

என் பேர் கிருபை. வீட்டுக்காரர் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மூத்தவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். இளையவள் எப்சிபா. அவளைப் பார்க்கத்தான் மதுரைக்குப் போகிறேன். வக்கீல். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் கோர்ட் படியை மிதித்தவர்கள் உண்டு, எல்லாம் சொத்துச் சண்டைக்கு மிதித்தவர்கள். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மிதித்தவள் இவள் ஒருத்திதான்.

வக்கீல் என்று சொன்னேனே, இன்னும் முழு வக்கீல் இல்லை. படிப்பை முடித்துப் பதிவு பண்ணினதும் கோட்டும் கவுனும் போட்டுக்கொள்ளலாமாம். ஆனால் அதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பார் தேர்வு என்று ஒரு பரீட்சை பாஸ் பண்ணிவிட வேண்டும். இல்லையென்றால் பாஸ் பண்ணுகிற வரைக்கும் கவுனைக் கழற்றி வைக்கவேண்டியதுதான், கோர்ட்டில் எழுந்து நின்று பேச முடியாது. எப்சிபாவுக்கு வருகிற மாதத்தோடு இரண்டு வருஷம் முடிகிறது. ஒரு தடவை எழுதி மூன்று மார்க்கில் போய்விட்டது. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் எழுதுகிறாள். இதை விட்டால் அவளுக்குத் தவணை இல்லை.

அந்தப் பரீட்சைக்குப் புத்தகம் கொண்டுபோகலாம் டீச்சர். நானும் முதலில் கேட்டபோது, இது என்ன பரீட்சை, புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறதா என்றுதான் கேட்டேன். எப்சிபா சிரித்தாள். நூறு கேள்வி, ஒரு கேள்விக்கு நாலு விடை, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் திறந்து பார்க்கவே நேரம் இருக்கும் என்றாள். அதிலும் சட்டம் மட்டும் அச்சடித்த வெறும் புத்தகம்தான் கொண்டுபோகலாம். விளக்கம் இருக்கக்கூடாது, குறிப்பு இருக்கக்கூடாது.

அதனால் அவள் படிக்கிறதற்கு வேறு புத்தகம், தடித் தடியாக, கோடு போட்டு, மஞ்சள் அடித்து. ஹாலுக்குக் கொண்டுபோகிறதற்கு ஐந்து புதுப் புத்தகம், தமிழில், தாள் மணம் போகாமல். அந்த ஐந்தையும் துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். போன வருஷம், முதல் தடவை எழுதின பரீட்சைக்கு அப்போது நாற்பது நாள் இருந்தது. நானும் அன்றைக்கே நாற்பது நாள் உபவாசம் ஆரம்பித்தேன். மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் கஞ்சி.

இப்போது சொல்கிறேனே, இதை நான் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அவள் கோர்ட்டுக்குப் போனதும் தினமும் பீரோவைத் திறப்பேன். ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு பிரிவாக வாசித்து, அந்தப் பிரிவுக்கு ஏற்ற மாதிரி பக்க ஓரத்தில் ஒரு சின்ன ஜெபம் எழுதுவேன். பென்சிலில்தான், மெல்லிசாக. என் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு படித்ததிலிருந்து எந்தப் புதுப் புத்தகத்தையும் நான் எழுதாமல் கொடுத்ததில்லை. எங்கள் அம்மா எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

பத்தாவதோடு நின்றவள் நான். ஆனாலும் சட்டம் எனக்குப் புரிந்தது, டீச்சர். எல்லாம் நம் தெருவில் நடக்கிறதுதான். திருட்டைப் பற்றிய பக்கத்தில், செயின் பறிகொடுத்த லில்லி அக்காவை நினைத்தருளும் என்று எழுதினேன். சொத்தைப் பிரிக்கிற இடத்தில், என் கொழுந்தன்மாருக்கு நல்ல மனசைத் தாரும். விவாகரத்து வந்த இடத்தில் என் தங்கை மகளுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதிவிட்டேன், இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் போய்விட்டது. கொலை வந்த இடத்தில், இந்தப் பக்கம் என் பிள்ளையின் ஜீவியத்தில் வரவே வேண்டாம் ஆண்டவரே, கேள்வித்தாளில் வந்தால் மட்டும் ஞாபகப்படுத்தும் என்று எழுதினேன். வழக்குப் போட எத்தனை நாள் கெடு என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதில் பக்கத்துக்குப் பக்கம், நேரத்துக்குள் முடிக்கக் கிருபை செய்யும்.

நாற்பது நாளில் மூன்று புத்தகம்தான் முடிந்தது. மற்ற இரண்டுக்கும் வாயால் ஜெபித்துத் துண்டில் சுற்றி வைத்தேன். பிள்ளை ஹாலில் பயந்துபோய்ப் புத்தகத்தைத் திறக்கும்போது அம்மாவின் எழுத்தைப் பார்ப்பாள், தெம்பு வரும். அதுதான் என் எண்ணம். வேறு ஒன்றும் இல்லை.

பரீட்சை அன்றைக்கு அவளுக்குப் பிடிக்குமே என்று சேமியா பாயசம் வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, “அம்மா, பீரோ சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?” என்று கேட்டாள். ஆமாம், வேறு யாரிடம் கொடுப்பேன் என்றேன். என்னவோ கேட்க வந்தமாதிரி இருந்தது. கேட்கவில்லை. பாயசத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். நான் முழங்கால் போட்டு ஸ்தோத்திர ஜெபம் பண்ணினேன், அவளும் பக்கத்தில் முழங்கால் போட்டு ஆமென் சொன்னாள். அந்த ஆமென் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் ரிசல்ட் வந்தது. அதுதான் சொன்னேனே, மூன்று மார்க்.

ஒன்பது நாள் அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். வீட்டுத் திரைச்சீலையை எல்லாம் கழற்றித் துவைத்தாள். காய்ந்ததும் எடுத்து மறுபடியும் துவைத்தாள். கவுனை மடிப்பாள், ஓரம் சரியில்லை என்று பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். நான் பார்த்தால் சிரிப்பாள். அவளுடைய சீனியர் வக்கீல் போன் பண்ணி, பரீட்சை திரும்ப வரும்மா, ஆனா கேஸ் கட்டு தூக்க எனக்கு நாளைக்கே ஆள் வேணும் என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் சிரித்தாள். எங்கள் வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பேப்பர் வாசிப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இந்த மனுஷன் இப்படி இருக்கிறாரே, பிள்ளைக்கு ஒரு ஆறுதல் சொல்லக்கூடாதா என்று எனக்குக் கோபம்.

நான் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பார் தேர்வில் தோல்வியடைந்த சகோதரி எப்சிபாவின் மன ஆறுதலுக்காக என்று பாஸ்டர் ஐயா மைக்கில் வாசித்தார். முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். எவ்வளவு பெரிய ஆறுதல், நினைத்துப் பாருங்கள். அவள் ஆராதனை முடியுமுன்னே எழுந்து போய்விட்டாள். தலைவலியாம். புதன்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் பதினாறு பேரை வீட்டுக்கே வரவழைத்தேன். எல்லாரும் அவள் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். பதினாறு கை, டீச்சர். பிள்ளையின் கழுத்து அப்படியே குனிந்துபோயிற்று. ஜெபத்தில் கரைந்துவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

முடிந்து காபி குடிக்கும்போது ரோஸ்லின் மதினிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “வக்கீலம்மா, எங்க ஆடு ஒண்ணு மேய்ஞ்சதுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கேஸ் போடுதேங்கான். அதுக்காவது வருவியா, இல்ல அதுக்கும் பரீட்சை உண்டா?”

“ஆடு சொல்லுத சாட்சி பொய்யா இருக்காது அத்தை, வாறேன்” என்றாள் எப்சிபா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாடா, பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த வாரக் கடைசியிலேயே மதுரைக்குப் போய்விட்டாள். சீனியருக்குத் தெரிந்த ஒருவருடைய ஆபீஸ், பெண்கள் ஹாஸ்டல், அங்கேயே இருந்து படிக்கிறேன் என்று. பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இந்தத் தடவை எனக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்க. வாயால பண்ணுங்க. அது போதும்” என்றாள். ஜெபத்தை வாயால் பண்ணாமல் வேறு எதால் பண்ணுவார்கள்? விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்குக் கவலை.

இது கோவில்பட்டியா? சரி, இன்னும் நேரம் இருக்கிறது.

முத்துச்செல்வி விஷயத்துக்கு வருகிறேன். அவளும் எப்சிபா மாதிரி ஜூனியர் வக்கீல்தான், இரண்டு பேரும் ஒரே ஹாலில் எழுதினார்கள். அவள் பாஸ். மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் எப்சிபா எப்படி இருக்கா ஆன்ட்டி என்று கேட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே படித்தீர்கள், என் பிள்ளைக்கு மட்டும் எப்படிப் போச்சு என்று கேட்டுவிட்டேன்.

“புக்கை வாங்கி வச்சிட்டாவல்லா ஆன்ட்டி, பின்ன எப்படி எழுதுவா?” என்றாள். “உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன். அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் சொல்லமாட்டேன் என்றாள். நான் விடவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். ஹாலைச் சுற்றிப் பார்க்க வந்த சார் எப்சிபாவின் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாராம். குறிப்பு எழுதியிருக்கிறது என்று ஐந்தில் மூன்றை எடுத்துவிட்டாராம். இது யார் எழுதியது என்று கேட்டாராம்.

“அவ எந்திரிச்சி நின்னா ஆன்ட்டி. ‘நான்தான் சார் எழுதினேன்’னு சொன்னா. குரலுகூட மாறல. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிராதிய.”

டீச்சர், என் பிள்ளை பொய் சொல்ல மாட்டாள். ஐந்து வயசில் சீனி டப்பாவை உடைத்துவிட்டு, நான் கேட்கிறதற்கு முன்னே தானாக வந்து நின்றவள். அவள் தான் எழுதினேன் என்று சொன்னால் அவள்தான் எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? விடையை எழுதி ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறாள். காப்பி அடிக்கப் பார்த்திருக்கிறாள், என் வயிற்றில் பிறந்தவள். நான் நாற்பது நாள் பட்டினி கிடந்து ஜெபித்த புத்தகத்திலேயே. பிடிபட்டதை ஒரு வருஷமாக என்னிடம் சொல்லாமல் மறைத்தும் விட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். “பரீட்சை முடியட்டும் கிருபை. இப்ப பிள்ளைய ஒண்ணும் கேக்காத” என்றார். அவ்வளவுதான், பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

எப்படிக் கேட்காமல் இருப்பது? பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு நாளைக்கு எழுதினால் அது எப்படி விளங்கும்? அதனால்தான் புறப்பட்டேன். இன்று சாயந்தரம் அவளை ஹாஸ்டல் அறையில் என் பக்கத்தில் முழங்கால் போடவைத்து, நடந்ததை அவள் வாயாலேயே அறிக்கையிடச் சொல்லப்போகிறேன். அழுவாள். அழட்டும். கழுவின மனசோடு ஹாலுக்குப் போவாள்.

அதோடு இந்தப் பார்சலும் இருக்கிறது. புதுப் புத்தகங்கள், ஐந்தும். அவள் தபாலில் வரவழைத்தது, பழையபடி எங்கள் வீட்டு விலாசத்துக்கே வந்துவிட்டது. அண்ணன் ஓசூரிலிருந்து வரும்போது கொண்டுவரட்டும், நீங்கள் பார்சலைப் பிரிக்கவேண்டாம் என்று போனில் மூன்று தரம் சொன்னாள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பிரித்திருக்க மாட்டேன், தபாலில் நனைந்திருக்குமோ என்றுதான் பிரித்தேன். ஒன்றும் நனையவில்லை. பிரித்தது பிரித்தாயிற்று, செவ்வாய்க்கிழமை ராத்திரியிலிருந்து இதில் ஒரு புத்தகத்தில் மட்டும் எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு பக்கம். மனசு அப்படி இருந்தது.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம், பென்சிலில்தான். போன தடவையும் பென்சில்தான், சொன்னேனே. பக்கத்தில் எந்த இடத்திலா? ஓரத்தில். அச்சு இல்லாத இடத்தில். எல்லாப் பக்கத்திலும் இல்லை, முக்கியமான பிரிவு எங்கே இருக்கிறதோ அங்கே.

எத்தனை புத்தகத்திலா? மூன்றில்.

பறித்தது எத்தனை என்றா கேட்கிறீர்கள்? மூன்று.

மூன்றுதான்.

இல்லை டீச்சர், அது வேறு. நான் எழுதினது ஜெபம். அந்தச் சார் பிடித்தது குறிப்பு. குறிப்பு எழுதுகிற அளவுக்கு எனக்கு எங்கே படிப்பு இருக்கிறது? சட்டத்தைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. லில்லி அக்கா செயினைப் பற்றி எழுதினேன், கொழுந்தன்மாரைப் பற்றி எழுதினேன். அதை வாசித்துப் பார்த்தால் யாருக்கும்…

அவர் எங்கே வாசித்திருக்கப் போகிறார். நீங்களும் பரீட்சை ஹாலில் நிற்கிறவர்கள்தானே. நீங்கள் என்றால் வாசிப்பீர்களா? பிரிவுக்குப் பிரிவு ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நீங்களும் வாங்கித்தான் வைப்பீர்களா.

சாத்தூர் வந்துவிட்டதா. இந்த வெள்ளரிக்காய்காரம்மா சத்தத்தில் ஒன்றும் யோசிக்க முடியவில்லை. வேண்டாம்மா, போ.

பீரோ சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். எவ்வளவு பெருமையாக ஆமாம் என்றேன். அதற்கப்புறம்தான் பாயசத்தைக் குடித்தாள், டீச்சர். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அதற்கப்புறம்தான் முழங்கால் போட்டு ஆமென் சொன்னாள். ஒரு வருஷம். ரோஸ்லின் மதினி கேலி பண்ணினபோதுகூடச் சொல்லவில்லை. பதினாறு பேர் தலைமேல் கை வைத்தபோதும் சொல்லவில்லை. வாயால பண்ணுங்க என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். அந்த மனுஷனுக்கு. அதுதான் அந்தப் பார்வை.

என் பிள்ளை பொய் சொல்ல மாட்டாள் என்று சொன்னேன் அல்லவா. சொல்லியிருக்கிறாள். எழுந்து நின்று, குரல் மாறாமல் சொல்லியிருக்கிறாள்.

நான் அழவில்லை, நீங்கள் பேப்பரை வையுங்கள், நனைந்துவிடப் போகிறது. நாளைக்குப் போனாலும் போகட்டும், டீச்சர். கவுனைக் கழற்றி வைத்தால் மடித்து வைப்போம், மறுபடி எழுதட்டும், மறுபடி போட்டுக்கொள்ளட்டும். அவளாகத் தோற்றால் நான் தாங்கிக்கொள்வேன், அவளும் தாங்கிக்கொள்வாள். என் கையால் இன்னொரு தரம் போகக்கூடாது.

உங்கள் பையில் அழிரப்பர் இருக்குமா? இருக்கிறதா? தாருங்கள். மதுரை மாட்டுத்தாவணி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகுமா? முப்பத்தொரு பக்கம்தான். முடிந்துவிடும். அவளிடம் புத்தகத்தைக் கொடுப்பேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். முழங்காலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அதெல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பண்ணிக்கொள்கிறேன், வாயால்.

இதுதான் முதல் பக்கம். சாட்சியச் சட்டம். செவ்வாய்க்கிழமை ராத்திரி எழுதினது. நீங்கள் வாசிக்கவேண்டாம், நானே சொல்கிறேன். ஆண்டவரே, உண்மையை மறைத்த என் பிள்ளையின் நாவை மன்னித்தருளும். நாளைக்குக் காலையில், ஹாலில், இதைத்தான் அவள் திறந்து பார்த்திருப்பாள்.

இதை முதலில் அழிக்கவேண்டும். அழுத்தி எழுதியிருக்கிறேன். தாளும் புதுசு, பஸ்ஸும் ஆடுகிறது, கிழிந்துவிட்டால் அதற்கும் ஏதாவது கேட்பார்கள். டீச்சர், இந்த ஓரத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.